கிற்றார் வாங்கமுன் ஆசிரியரைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு வயலினோ வீணையோ பழக்க நினைக்கும் பெற்றோர் அதிகம் அலைய வேண்டியதில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இருக்கின்றன. முதலாம் தரத்தில் தொடங்கி ஆசிரியர் தரம் வரை படிப்படியாக ஏறலாம். அதைத் தேறியவர் ‘கலாவித்தகர்’ என்று பெயரோடு போட்டுக்கொள்வார். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேற்றில் தொங்கும் பலகையைப் பார்த்தாலே அந்த வீட்டு ஆசிரியர் எதை, எங்கே, எதுவரை படித்தவர் என்று விளங்கிவிடும். நானும் அந்த வழியாலே வயலின் படித்தவள்.

கிற்றாருக்கு அப்படி ஒரு வழி எங்கள் ஊரில் போடப்படவில்லை. ‘கிற்றார், கீபோட், ஒக்ரபாட் பழக்கப்படும்’ என்ற அறிவித்தல்கள் மதில்களிலும் முகநூலிலும் நிறைய உண்டு. கற்பிப்பவர் யாரிடம் படித்தார், எதுவரை படித்தார், அவரிடம் படித்த பிள்ளைகள் இப்போது எப்படி வாசிக்கிறார்கள் என்று அவற்றில் ஒரு வரி இருக்காது. என் மகன் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு கிற்றார் பழகவேண்டும் என்று கேட்டான். அரியாலையில் இருந்துகொண்டு நான் ஆசிரியர் தேடத் தொடங்கியது அப்போதுதான். அந்தத் தேடலில் படித்ததை இப்போது வேறு பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலிலும் மாம்பழச் சந்திக் கடையிலும் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்குக் கிற்றார் புதிது அல்ல. தேவாலயப் பாடகர் குழுக்களில் அது நெடுநாளாக ஒலிக்கிறது. 1970களில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் அதை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தன. கோயில் திருவிழா மேடைகளில் கண்ணன் கோஷ்டி போன்ற இசைக்குழுக்கள் வாசித்த காலத்தை என் அம்மா இன்றும் சொல்லுவா. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணா வாசிப்பார். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றவேண்டிய அந்த நாட்களிலும் அவருடைய கிற்றாருக்கு மட்டும் எந்தத் தடையும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் கண்டி வீதியால் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் அத்தனை பேரும் போனார்கள். அந்த அண்ணாவின் கிற்றார் சுவரில் மாட்டியபடியே நின்றது. நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் கதவுகூட இல்லை. அவர் இப்போது கனடாவில் இருக்கிறார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து இங்கே இருந்திருந்தால், அவர்களிடம் படித்தவர்கள் இன்று நாற்பது வயதில் நல்ல ஆசிரியர்களாக இருந்திருப்பார்கள். அந்த இடம் வெறுமையாகிப் போனது. இன்று கற்பிப்பவர்களில் பலர் இளைஞர்கள். கைபேசியைப் பார்த்தும் நண்பர்களிடம் கேட்டும் தாங்களாகவே படித்து முன்னுக்கு வந்தவர்கள். அவர்களுடைய உழைப்பில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வாசிக்கத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. பரீட்சையில் தேறுவது இன்னும் வேறு. மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். பெற்றோர் தேடவேண்டியது கற்பிக்கத் தெரிந்தவரை.

முதலில் சான்றிதழ் விஷயத்தைப் பார்ப்போம். கிற்றாருக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட பரீட்சைகள் உண்டு, அவை இலங்கையிலும் நடக்கின்றன. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியும், ஏபிஆர்எஸ்எம் என்று சொல்லப்படும் றோயல் ஸ்கூல்ஸ் சபையும் நடத்துபவைதான் இங்கு அதிகம் பேசப்படுவன. இரண்டிலும் ஆரம்ப நிலைக்குப் பிறகு 1 முதல் 8 வரை தரங்கள். ட்ரினிட்டியில் 100 புள்ளிகளில் 60 எடுத்தால் தேறலாம், 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் மொத்தம் 150. அதில் 100, 120, 130 என்பன அந்த எல்லைகள். ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் தரம் முதல் வாசிப்புப் பரீட்சைக்குப் போக 5ஆம் தர இசைக் கோட்பாட்டைத் தேறியிருக்கவேண்டும். ட்ரினிட்டி அப்படிக் கேட்பதில்லை. 8ஆம் தரத்துக்கு மேலே ட்ரினிட்டியின் டிப்ளோமாக்கள்: ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல். முதல் இரண்டிலும் வாசிப்புக்கென்றும் கற்பித்தலுக்கென்றும் தனித்தனிப் பிரிவு உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்திருக்கவேண்டும். 8ஆம் தரம் என்பது வாசிப்புத் தேர்ச்சிக்கான சான்றிதழ். அது பெரிய சாதனைதான், ஐயமில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் முதல் நாள் கிற்றாரை எப்படிக் கொடுப்பது என்று அந்தப் பரீட்சை யாரையும் கேட்பதில்லை. அதனால் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். எந்த வாத்தியம், எந்தத் தரம், எந்த ஆண்டு என்று வாசியுங்கள். பியானோவில் எடுத்த சான்றிதழைக் காட்டிக் கிற்றார் கற்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாதவர் என்றால் உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். யாரிடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் தங்கள் ஆசிரியரின் பெயரைச் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நான் போய்ப் பார்த்த வகுப்புகளில் ஒன்றை நடத்தியவர் அருமையான கலைஞர். மேடையில் வாசிப்பவர். நாங்கள் போய் அமர்ந்ததும் ஒரு சினிமாப் பாட்டின் இடையிசையை அப்படியே வாசித்துக் காட்டினார். என் மகன் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு வகுப்புத் தொடங்கியது. விறாந்தை நிறையப் பிள்ளைகள். அவர் ஒவ்வொரு கிற்றாராக வாங்கித் தானே சுருதி சேர்த்துக் கொடுத்தார். பிறகு ஒரு ‘கோட்’ (chord) பிடித்துக் காட்டி ‘இப்பிடிப் பிடியுங்கோ’ என்றார். பிள்ளைகள் பிடித்தார்கள். ஒரு பிள்ளையின் மணிக்கட்டு வளைந்து முறுகியிருந்தது. இன்னொரு பிள்ளை அரைவாசிக் கம்பிகள் ஒலிக்காமலே அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண் அங்கே போகவில்லை. அவர் வாசித்ததில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் அதிகம் வாசித்தவர் ஆசிரியர்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் வழிமுறை: ஆசிரியரின் வாசிப்பைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவரிடம் இரண்டு வருடம் படித்த ஒரு சாதாரண மாணவரின் வாசிப்பைக் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே விட்டாலும் படித்துவிடும், அதனால் சாதாரணப் பிள்ளையைக் கேட்கவேண்டும். அந்தப் பிள்ளை தானே சுருதி சேர்க்கிறதா, காலத்தைப் பிடித்து வாசிக்கிறதா, பார்த்துப் பழகாத ஒரு சின்னத் துண்டைத் தாளில் பார்த்துத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கிறதா? மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு இளம் பெண். குருநகர்ப் பக்கம். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் தொட்டவர். பிறகு கொழும்பில் தங்கியிருந்து செவ்வியல் கிற்றாரை முறையாகப் படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் கற்பிக்கிறார். முதல் வகுப்புக்கு நாங்கள் வெறுங்கையோடு போனோம். கிற்றார் வாங்குவதற்கு எந்தக் கடை நல்லது என்று கேட்டேன்.

“அக்கா, அவசரப்பட்டு வாங்காதேங்கோ. முதல் என்ர கிற்றாரிலை பழகட்டும். கை எப்பிடிப் போகுது எண்டு பாத்துச் சொல்லுறன்” என்றார்.

அந்த முதல் வகுப்பை நான் மூலையில் இருந்து முழுவதும் பார்த்தேன். அவர் ஒன்றும் வாசித்துக் காட்டவில்லை. மகனின் இரண்டு கைகளையும் வாங்கிப் பார்த்தார். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவரச் சொன்னார், நகம் நீண்டிருந்தால் விரல் நுனி கம்பியில் நேராக இறங்காது. கைகொட்டச் சொல்லிக் காலத்தைப் பார்த்தார். கதிரையின் முன்பக்கத்தில் இருத்தி, இடது காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வைத்தார். கிற்றாரை மடியில் வைத்து, கழுத்துப் பக்கம் சற்று மேலே உயர்ந்து நிற்கும்படி சரிசெய்தார். இடக்கைக்கு அன்று வேலையே இல்லை. வலக்கைப் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் வெறும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது மட்டும்தான்.

“தம்பி, தட்டமுன்னம் இந்தக் கம்பி என்ன சத்தம் போடும் எண்டு வாயாலை பாடிக்காட்டுங்கோ.”

மகன் வெட்கப்பட்டான். அவர் தானும் சேர்ந்து பாடினார். பாடியதும் தட்டினார்கள், இரண்டும் ஒன்றாக இருந்ததா என்று கேட்டார். வகுப்பு முடியுமுன் ஒரு கொப்பியில் அந்த வாரம் செய்யவேண்டியதை எழுதினார். நாலு வரி. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் என்று கீழே கோடிட்டிருந்தார். நான் சிறுவயதில் வயலினில் சரளி வரிசை படித்த நாட்கள் எனக்கு நினைவு வந்தன. நல்ல கற்பித்தல் எந்த வாத்தியத்திலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது: உடம்பு, காது, காலம். பாட்டு அதற்குப் பிறகு.

பிள்ளைக்குப் பாட்டுத்தான் வேண்டும் என்பதும் உண்மை. என் மகன் கிற்றார் கேட்டதே ‘இளைய நிலா’வின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு, இன்றும் கிற்றார் எடுக்கிற பிள்ளைகளின் முதல் ஆசை. இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அதில் வரும் கையசைவுக்கு வேண்டிய விரல் பயிற்சியை எழுதிக் கொடுத்து, ‘இது சுத்தமா வந்தால் அதுக்குப் போகலாம்’ என்றார். சினிமாப் பாட்டே கூடாது என்கிற ஆசிரியரிடம் பிள்ளைக்கு மனம் ஒட்டாது. சினிமாப் பாட்டு மட்டும்தான் என்கிற ஆசிரியரிடம் பிள்ளை வளராது. பிள்ளை கேட்ட பாட்டைப் பாடமாக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

‘யூரியூப் இருக்க ஆசிரியர் எதுக்கு’ என்று கேட்கிற பெற்றோர் உண்டு. காணொளி நல்ல துணை. ஆனால் அது பிள்ளையின் கையைப் பார்ப்பதில்லை. தானாகப் படித்த மேதைகளின் பெயர்களையும் சொல்வார்கள். செவ்வியல் கிற்றாரை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன ஸ்பெயின் நாட்டு அந்திரே செகோவியா பெரும்பாலும் தானாகப் படித்தவர்தான். அதே செகோவியா பிற்காலத்தில் இத்தாலியின் சியெனாவிலும் ஸ்பெயினின் சந்தியாகோவிலும் கோடை வகுப்புகள் எடுத்து எத்தனையோ பேரை உருவாக்கினார். இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மேடைகளில் வாசித்துத் தேர்ந்த பிறகுதான் 1968இல் சென்னைக்கு வந்தார். வந்தும் தன்ராஜ் மாஸ்ரரிடம் மாணவராக இருந்து மேற்கத்தைய இசையை முறையாகப் படித்தார். லண்டன் ட்ரினிட்டியின் செவ்வியல் கிற்றார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கமும் பெற்றார். அத்தனை திறமை உள்ளவருக்கே ஆசிரியர் வேண்டியிருந்தது.

கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரிந்த வீடுகளில் கிற்றார் படிப்புக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் வீடுகளில் பலருக்கு அது தெரிவதில்லை. மேற்கத்தைய மேஜர் ஸ்கேல் என்பது தீரசங்கராபரணத்தின் சுரங்கள். நச்சுரல் மைனர் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மேஜர் பென்ரற்றோனிக் என்று கிற்றார்க்காரர்கள் சொல்வது மோகனம், மைனர் பென்ரற்றோனிக் சுத்த தன்யாசி. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். கிற்றாரில் கமகம் வராது என்பவர்களுக்கு, கிற்றாரில் கர்நாடக இசைக் கச்சேரி செய்யும் பிரசன்னாவையும், மண்டலினில் செய்த உ. ஸ்ரீநிவாஸையும் போட்டுக் காட்டுங்கள்.

வயலின், தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு சின்னச் சங்கடமும் வரும். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்த பிரெட்டுகள் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாகப் பிரிக்கின்றன. அதனால் அதன் அந்தர காந்தாரம் தம்புராவில் கேட்கும் காந்தாரத்தைவிடச் சற்று உயரம், ஓர் அரைச்சுருதியின் ஏழில் ஒரு பங்கு அளவு. ‘எவ்வளவு சேர்த்தாலும் இரண்டாம் கம்பி சரியாக நிற்குதில்லை’ என்று பிள்ளை சொன்னால் அதன் காது பழுது என்று நினைக்கவேண்டாம். காது நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை விளக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சுருதி சேர்க்கக் கைபேசிச் செயலி நல்லதுதான். ஆனால் முதல் வருடத்துக்குள்ளேயே செயலி இல்லாமலும் சேர்க்கப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். ஆறாம் கம்பியின் ஐந்தாம் பிரெட் ஐந்தாம் வெறுங்கம்பியோடு ஒன்றாக ஒலிக்கும். அப்படியே ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்கும், நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கும். மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு மட்டும் நாலாம் பிரெட். பிறகு இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மீண்டும் ஐந்தாம் பிரெட்.

இனி வாத்தியம். எங்கள் வீட்டில் கிற்றார் வந்தது வகுப்புத் தொடங்கிக் கொஞ்சக் காலம் போன பிறகு, மிஸ் சொன்ன அளவில். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை அளவு, ஒன்பது முதல் பதினொன்று வரை முக்கால் அளவு, அதற்குமேல் முழு அளவு என்பது பொதுவான கணக்கு. கை நீளத்தைப் பார்த்து ஆசிரியர் மாற்றிச் சொல்லலாம். முழு அளவுச் செவ்வியல் கிற்றாரில் கம்பியின் ஒலிக்கும் நீளம் 650 மில்லிமீற்றர். பிள்ளைகளுக்கு நைலோன் கம்பி நல்லது. நைலோன் கம்பித் தொகுதி முழுவதும் சேர்ந்து கிற்றாரை இழுக்கும் இழுவை ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ. இரும்புக் கம்பி என்றால் 70 கிலோவுக்கு மேல். விரலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். இதே காரணத்தால் நைலோன் கிற்றாரில் இரும்புக் கம்பி போடவே கூடாது. கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து வந்துவிடும். உறவினர் வீட்டுப் பழைய கிற்றார் ஒன்று அப்படிப் போனதைக் கண்ணால் கண்டேன். ‘சத்தம் கூட வரும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டிருந்தார்கள்.

கடையில் பார்க்கவேண்டியது பளபளப்பு அல்ல. பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நைலோன் கிற்றாரில் 3, 4 மில்லிமீற்றர் என்றால் சரி. அதைவிட நன்றாக உயர்ந்திருந்தால் பிள்ளை அழுத்தி அழுத்திச் சோர்ந்துவிடும், வீட்டில் எல்லோரும் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நினைப்பார்கள். ஒவ்வொரு பிரெட்டிலும் ஒருமுறை தட்டிப் பார்த்து, எங்காவது இரைகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் ஆசிரியரையோ மூத்த மாணவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு வெளியிலிருந்து வரும் வாத்தியங்கள் சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய செலவு. கைமாறி வந்த நல்ல கிற்றார், புதிய மலிவான கிற்றாரைவிட எவ்வளவோ மேல்.

அரியாலையின் ஓரம் கடல்நீரேரி. சோளகத்தில் உப்புக் காற்று வீட்டுக்குள்ளேயே வரும். இரும்புக் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். மாரியில் ஈரம் கூடும், சுவரோடு ஒட்ட வைக்கவேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையிலும், மதிய வெயிலில் நிறுத்திய வாகனத்திலும் கிற்றாரை விட்டால் ஒட்டுப் பசை இளகிவிடும். புதிய நைலோன் கம்பி சில நாட்களுக்கு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அது பழுது அல்ல.

வலி பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. இடக்கை விரல் நுனி சில வாரங்கள் நோகும், பிறகு தோல் தடித்துவிடும். அது இயல்பு. மணிக்கட்டு, முன்கை, தோள் நோகிறது என்றால் அது வேறு. இருக்கையோ கையோ பிழையாக இருக்கிறது என்று அர்த்தம். ‘பழகப் பழகச் சரியாகும்’ என்று அதைக் கடந்துபோகும் ஆசிரியரிடம் பிள்ளையை விடவேண்டாம். நிறுத்தி, எங்கே நோகிறது என்று கேட்டு, இருக்கையைத் திருத்துகிறவர் வேண்டும்.

தனி வகுப்பா குழு வகுப்பா என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. முதல் ஆறு மாதம் தனி வகுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் போதும். அந்தக் காலத்தில் கையில் ஏறுகிற பழக்கம் பிறகு இலகுவில் இறங்காது. தனி வகுப்பின் செலவு தாங்காது என்றால் ஒரே அளவில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தைப் பகிரலாம், பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். கை சரியானபின் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது கட்டாயம் வேண்டும். காலம் பிடிக்கப் பழகுவது அங்கேதான்.

கட்டணம் மாதத்துக்கா வகுப்புக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வகுப்பு உண்டா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் பிறகு மனக்கசப்போடு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

கூச்சமே படக்கூடாத இன்னொரு விஷயம், வகுப்பு நடக்கும் இடம். திறந்த அறை, வீட்டில் வேறு ஆட்கள், பெற்றோர் எந்த நேரமும் வந்து எட்டிப்பார்க்கலாம் என்ற நிலை. இவை இருக்கவேண்டும், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும். கையைத் திருத்துவதற்குத் தொடவேண்டி வந்தால் நல்ல ஆசிரியர் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தொடுவார். எங்கள் மிஸ் அப்படித்தான் செய்கிறார். பெற்றோர் இருக்கவே கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏதும் பிழையாகப் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து இணையவழியில் கற்பிப்பவர்களும் உண்டு. எங்கள் உறவுப் பிள்ளை ஒன்று ரொறன்ரோவில் இருக்கும் ஆசிரியரிடம் படிக்கிறது. அங்கே கோடைகாலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நேரம் மாறும் வாரங்களை நாட்காட்டியில் குறித்து வைக்கவேண்டும். சூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தெரிவைப் போடாவிட்டால் கிற்றாரின் ஒலியை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். ஒலி தாமதித்து வருவதால் இருவரும் ஒன்றாக வாசிக்க முடியாது. கமராவை இடக்கை தெரியும்படி ஒருமுறையும் வலக்கை தெரியும்படி ஒருமுறையும் மாற்றி வைக்கவேண்டும். ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல வழி. தொடக்கக்காரருக்கு நேரில் இருந்து கையைப் பார்ப்பவரே வேண்டும்.

எங்கள் ஊரில் இசைப் படிப்பு நிற்பது பெரும்பாலும் பரீட்சை ஆண்டில்தான். ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை, சாதாரண தரத்தில் ஒருமுறை. ‘பரீட்சை முடிய வாறன்’ என்று போன பிள்ளைகள் பலர் திரும்பி வருவதில்லை. மிஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அந்த ஆண்டில் புதுப்பாடம் கிடையாது, இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு, வீட்டில் பத்து நிமிடம் பழையதை வாசித்தால் போதும். சாதாரண தரத்தில் மேலைத்தேய சங்கீதத்தையே ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதையும் பெற்றோர் யோசிக்கவேண்டும். ஆசிரியரைத் தெரிவு செய்யும்போதே ‘பரீட்சை ஆண்டில் என்ன செய்வீங்கள்?’ என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலிலிருந்து பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோக நினைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கிற்றார் கற்பிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் அறிவித்தலில் நீங்கள் யாரிடம் படித்தீர்கள், எதுவரை படித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். முதல் வகுப்பில் பெற்றோரை உள்ளே இருந்து பார்க்க விடுங்கள். உங்களிடம் இரண்டு வருடம் படித்த ஒரு பிள்ளையை அவர்கள் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள்.